பழைய பொட்டிக்கு ஃபைல் ஏத்துறது எப்படி?

ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு ஃபைல் அனுப்புறதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பவர்கள் கை தூக்குங்க பார்ப்போம். கிளாஸில் கேட்டேன். எல்லாரும் தூக்கினார்கள். மெயில் பண்ணு, டிரைவ்ல போடு, வாட்ஸப்ல தட்டு, முடிஞ்சது கதை. நம்ம காலத்து நியாயம் அது. ஆனால் வாங்கிக்கொள்ள வேண்டிய பொட்டி 1999-இல் செய்தது, அதில் ஓடுவது விண்டோஸ் 98, அது இருக்கிற ஊரில் ஃபோன் சிக்னல் மொட்டை மாடிக்கு ஏறினால்தான் ஒரே ஒரு கோடு காட்டும் என்றால் கதையே வேற.

போன மே மாச லீவில் நாலு நாள் இந்த வேலையைத்தான் பார்த்தேன். அதில் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன். யாருக்காவது உபயோகப்படும். உபயோகப்படாவிட்டாலும் பரவாயில்லை, விஷயம் சுவாரஸ்யமானதுதான்.

முதலில் எந்தப் பொட்டி, யாருடையது என்று சொல்லிவிடுகிறேன். (கொஞ்சூண்டு கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க.)

எங்க தாத்தா தமிழ் வாத்தியாராக இருந்தவர். சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். 2000-இல் ரிட்டயர் ஆனார். 2002-இல் பெரியப்பா தன்னுடைய பழைய மடிக்கணினியை அவரிடம் கொடுத்தார். "சும்மா இருக்கிறதுக்கு இதுல எதாவது தட்டிக்கிட்டு இருங்கப்பா" என்று சொல்லித்தான் கொடுத்தாராம். தாத்தா சும்மா தட்டவில்லை. எங்கள் பக்கத்து விவசாயச் சொற்களைச் சேர்க்க ஆரம்பித்தார். கமலை இறைத்த காலத்துச் சொற்கள். தண்ணீர் மொள்ளுகிற சால், அதை இழுக்கிற வடம், வால்கயிறு. களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் "லாபம்" என்று சொல்லி எண்ணுவார்களே, அது மாதிரி வழக்கங்கள். இன்றைக்கு 4,200 சொற்களுக்கு மேல் இருக்கிறது. பம்புசெட் வந்ததோடு கமலை போனது. கமலை போனதோடு அந்தச் சொற்களும் போய்விட்டன. அவற்றைப் பேசினவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ரெண்டு வருஷமாக சொந்தக்காரர்கள் வாட்ஸப் குழுவில் இதற்கென்றே சொற்கள் வந்து விழுகின்றன. கோயம்புத்தூர் சித்தி, துபாய் மாமா, ஊரிலேயே இருக்கிற அத்தை என்று ஆளாளுக்கு ஞாபகம் வந்ததை அனுப்புகிறார்கள். நான் உட்கார்ந்து எண்ணியபோது 640 சொற்கள், 37 போட்டோக்கள், 22 குரல் பதிவுகள். இதில் எது சரி, எது தப்பு, எது எங்கள் ஊர் வழக்கு, எது பக்கத்து மாவட்டத்து வழக்கு என்று சொல்ல எங்களுக்குத் தெரிந்து மிச்சம் இருப்பவர் தாத்தா ஒருவர்தான். அவருக்கு வயது 83.

"பிரிண்ட் எடுத்துக் குடுத்துட வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். குடுத்தோம். அவருக்கு இப்போது கை நடுக்கம். பேனா பிடித்தால் அவர் எழுதினதை அவராலேயே படிக்க முடியவில்லை. ஆனால் தட்டச்சு மட்டும் அட்சர சுத்தமாக வருகிறது. சின்ன வயதில் தட்டச்சுப் பொறியில் பழகின விரல்கள்.

"புது லேப்டாப் வாங்கிக் குடுங்களேன்?" அதுவும் நடந்தது. பெரியப்பா டேப்லெட் வாங்கிக் கொடுத்தார். அது பீரோவில் ஆச்சியின் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. என்னுடைய லேப்டாப்பில் பழைய தட்டச்சு விசைப்பலகையையே போட்டுக் காட்டினேன். ஒரு மணி நேரம் பொறுமையாகத் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஏய்யா, நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு இருக்கிற காலத்துல நான் சொல்லைத் தேடணுமா, பட்டனைத் தேடணுமா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவரைப் புதுப் பொட்டிக்கு இழுக்கிற யோசனையை அதோடு விட்டேன். சொற்கள்தான் அவரிடம் போக வேண்டும், அவர் இருக்கிற இடத்துக்கு.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பொட்டியின் ஜாதகம்: விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு. 64 எம்.பி. ராம். 6 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, சார்ஜர் சொருகினால்தான் உயிர். சி.டி. டிரைவ் திறக்கிறது, மூடுகிறது, படிப்பதில்லை. ஃபிளாப்பி டிரைவ் ஓடுகிறது. ஒரே ஒரு யு.எஸ்.பி. துளை, அதுவும் பழைய 1.1. பின்பக்கம் சீரியல், பேரலல் துளைகள். டெலிஃபோன் ஒயர் சொருகுகிற மோடம். வை-ஃபை கிடையாது. லேன் துளையும் கிடையாது.

இதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கலாம்.

இணையம். இது முதலிலேயே அவுட். மோடத்துக்குப் போட வீட்டில் தரைவழி ஃபோனே இல்லை. எப்படியோ இணைத்தாலும் அந்தக் காலத்து பிரவுசரால் இன்றைய தளங்களைத் திறக்க முடியாது. இன்றைய தளங்கள் பேசுகிற பாதுகாப்பு முறை அதற்குத் தெரியாது. பெரிய பிரவுசர்கள் எல்லாம் பழைய டி.எல்.எஸ். 1.0, 1.1 இரண்டையும் 2020 வாக்கில் கைவிட்டுவிட்டன. விண்டோஸ் 98-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2006 ஜூலையோடு நின்றுபோனது. அதனால் அதை இணையத்தில் விடுவதே தப்பு. கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போகிற மாதிரி.

வை-ஃபை. பக்கவாட்டுத் துளையில் சொருகுகிற பழைய வை-ஃபை கார்டு கிடைத்தாலும், முதல் தலைமுறைக் கார்டுகளுக்கு டபிள்யூ.இ.பி. என்கிற பழைய பூட்டுதான் தெரியும். நம் ஃபோன் ஹாட்ஸ்பாட் போடுவது டபிள்யூ.பி.ஏ.2 பூட்டு. அது வந்ததே 2004-இல். சாவி சேராது.

சீரியல் கேபிள். இது எனக்கு ரொம்பப் பிடித்த வழி, வேகம்தான் பிடிக்கவில்லை. நொடிக்கு 1,15,200 பிட். ஒரு பைட்டுக்கு முன்னும் பின்னும் குறி சேர்த்து 10 பிட் ஆகிறது. ஆக நொடிக்கு 11.5 கே.பி. ஒரு எம்.பி.க்கு ஒன்றரை நிமிஷம். நூறு எம்.பி.க்கு இரண்டரை மணி நேரம். விண்டோஸ் 98-இலேயே இரண்டு கணினிகளைக் கேபிளால் நேரடியாக இணைக்கிற வசதி இருக்கிறது. வெறும் எழுத்துக் கோப்புகள் மட்டும் என்றால் இது தாராளமாகப் போதும். என் லேப்டாப்பில் சீரியல் துளை கிடையாது, யு.எஸ்.பி.யில் சொருகுகிற மாற்றி வேண்டும். வேறு வழியே இல்லாவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தேன்.

ஹார்ட் டிஸ்கைக் கழற்றுவது. விஷயம் தெரிந்த சீனியர்கள் எல்லாம் இதைத்தான் சொன்னார்கள். 44 ஊசி வைத்த ஐ.டி.இ. டிஸ்க், அதை யு.எஸ்.பி.யில் மாட்ட ஒரு அடாப்டர், பத்து நிமிஷத்தில் மொத்தமும் ஏறிவிடும். உண்மைதான். ஆனால் கால் நூற்றாண்டு ஓடின டிஸ்க் அது. அந்த 4,200 சொற்களுக்கு உலகத்தில் இருக்கிற ஒரே பிரதி அதற்குள்தான் இருந்தது. ஒரு ஊசி வளைந்தால்? வேண்டவே வேண்டாம்.

மிச்சம் ஃபிளாப்பியும் யு.எஸ்.பி.யும்.

யு.எஸ்.பி. துளைதான் இருக்கிறதே, பென்டிரைவைச் சொருகினால் ஆச்சு என்று தோன்றும். ஆகாது. விண்டோஸ் 98-க்குப் பென்டிரைவ் என்றால் என்னவென்றே தெரியாது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு பென்டிரைவோடும் அதற்கான டிரைவரை ஒரு சி.டி.யில் போட்டுக் கொடுப்பார்கள். எந்தக் கம்பெனி பென்டிரைவானாலும் சொருகினால் போதும் என்கிற வசதி விண்டோஸ் 2000, விண்டோஸ் மில்லெனியம் இரண்டும் வந்த பிறகுதான். பழைய பொட்டிகளை இன்னும் விடாமல் வைத்திருக்கிற புண்ணியவான்கள், விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்புக்கு எல்லாப் பென்டிரைவுக்கும் பொதுவான ஒரு டிரைவர் தொகுப்பைச் செய்து வைத்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் அந்த டிரைவரை உள்ளே எப்படிக் கொண்டுபோவது? பென்டிரைவில் கொண்டுபோக முடியாது, அதைப் படிக்கத்தான் டிரைவரே வேண்டும். பெட்டியைப் பூட்டி, சாவியைப் பெட்டிக்குள் வைத்த கதை.

ஆக, கடைசியில் எல்லாவற்றுக்கும் ஆரம்பம் ஃபிளாப்பி. 1.44 எம்.பி. இன்றைக்கு ஃபோனில் எடுக்கிற ஒரு போட்டோகூட அதில் அடங்காது. சோனி கம்பெனி ஜப்பானில் ஃபிளாப்பி விற்பதை 2011 மார்ச்சோடு நிறுத்திவிட்டது. ஆனால் யு.எஸ்.பி.யில் சொருகுகிற ஃபிளாப்பி டிரைவ் இன்னும் ஆன்லைனில் கிடைக்கிறது. ஒன்று வாங்கிக்கொண்டேன். வட்டுகளைத் தாத்தாவே ஒரு டப்பாவில் வைத்திருந்தார். பத்தில் ஆறு உயிரோடு இருந்தன. மற்றதில் பூஞ்சை.

ஊருக்குப் போனால் டவுன்லோடு பண்ண முடியாது என்பதால் எல்லாவற்றையும் ஹாஸ்டலிலேயே எடுத்துக்கொண்டு கிளம்பினேன். டிரைவர் தொகுப்பு, திஸ்கி எழுத்துரு, ஒன்று சரிவராவிட்டால் போட இன்னொன்று என்று ஒரு பட்டியலே போட்டேன். சிக்னல் இல்லாத ஊருக்குப் போகும்போது கையில் இருப்பதுதான் இணையம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். பழைய பொட்டிக்குள் எதையும் ஏற்றும் முன்னால், உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிடுங்கள். டிரைவர் போடும்போது பொட்டி படுத்துவிட்டால் அவ்வளவுதான். டிரைவரை ஏற்றும் முன் ஒரு வெறும் ஃபிளாப்பியைப் போட்டு, தாத்தாவின் எழுத்துக் கோப்புகளை மட்டும் முதலில் காப்பி செய்தேன். மொத்தமும் ஒரே வட்டில் அடங்கிவிட்டது. இருபது வருஷத்துக்கு மேலான உழைப்பு, உள்ளங்கையில் வைத்து மூடினால் மறைந்துவிடும் போல ஒரு பிளாஸ்டிக் சதுரம். இரண்டாவது வட்டில் இன்னொரு பிரதி, என் லேப்டாப்பில் மூன்றாவது. அன்றைக்கு ராத்திரி நல்ல தூக்கம் வந்தது. மற்றது எல்லாம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் பாதிக் காரியம் அதோடு முடிந்தது.

மறுநாள் டிரைவர் ஏறியது. பொட்டியை அணைத்துப் போட்டேன். ஹாஸ்டல் மேஜைக்குள் கிடந்த ஒரு 512 எம்.பி. பென்டிரைவைச் சொருகினேன். வேண்டுமென்றேதான் சின்னதாகக் கொண்டுவந்திருந்தேன். இப்போது வருகிற பெரிய பென்டிரைவுகள் எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைக்கப்பட்டு வருகின்றன. விண்டோஸ் 98-க்கு ஃபேட் வகைகள் மட்டும்தான் படிக்கத் தெரியும். என்.டி.எஃப்.எஸ். தெரியாது, எக்ஸ்ஃபேட் தெரியவே தெரியாது. ஒரு நிமிஷம் விளக்கு மினுக்கியது. பிறகு மை கம்ப்யூட்டர் ஜன்னலில் புதிதாக ஒரு டிரைவ் வந்து உட்கார்ந்தது. ஆச்சி அடுப்படியில் இருந்து, "என்னய்யா கத்துத?" என்று கேட்டார்கள். :-)

அப்பாடா, முடிந்தது என்று நினைப்பீர்கள். பைட்டுகள் போய்ச் சேர்ந்துவிட்டன, அவ்வளவுதான். அவை அங்கே தமிழாகத் தெரிய வேண்டாமா?

நம்ம ஊர்க் கதை இங்கேதான் ஆரம்பம்.

இன்றைக்கு நாம் ஃபோனில் தட்டுவது யுனிகோடு தமிழ். யுனிகோடில் தமிழ் 1991-இலேயே இடம்பெற்றுவிட்டது. ஆனால் விண்டோஸில் அது சரியாகத் தெரிய ஆரம்பித்தது விண்டோஸ் 2000-இல் இருந்துதான். அதற்கு முன் ஆளாளுக்கு ஒரு குறியேற்றம். ஒரு பைட்டில் 256 இடம். முதல் 128 ஆங்கிலத்துக்கு. மீதி 128-இல் தமிழை எப்படி அடுக்குவது என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு யோசனை. இணையத்தில் கூடிப் பேசினவர்கள் உருவாக்கினது திஸ்கி. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு முன்வைத்தவை டாம், டாப். இது போக எழுத்துருக் கம்பெனிகளின் சொந்த முறைகள் தனி. தாத்தாவின் பொட்டியில் இருப்பது திஸ்கி.

சோதனைக்காக ஒரே ஒரு சொல்லை யுனிகோடிலேயே அனுப்பித் திறந்து காட்டினேன். கட்டம் கட்டமாக வரும் என்று எதிர்பார்த்தால், வந்தது எல்லாம் தமிழ் எழுத்து! ஆனால் எந்த மொழியிலும் இல்லாத சொல். நடுநடுவே ஈ, ஈ, ஈ என்று ஒரே ஈ. காரணம் எளிது. யுனிகோடில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. அதில் முதல் பைட் எல்லாக் குறிகளுக்கும் ஒன்று. இரண்டாவது பைட்டில் மொத்தமே இரண்டு வகைதான். அதில் ஒன்று திஸ்கி அட்டவணையில் போய் விழுகிற இடம் ஈ. தாத்தா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னய்யா, சொல்லுல ஈ மொய்க்கு?" என்றார். நிஜமாகவே மொய்த்தது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. நாம் கையால் "கெ" எழுதும்போது கொம்பை முதலில் போட்டுவிட்டு அப்புறம் க எழுதுவோம். திஸ்கியும் அப்படியே, கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பு முதலில், க பிறகு. யுனிகோடில் தலைகீழ். உச்சரிப்பு வரிசைப்படி க முதலில், எகரக் குறி பிறகு. அதனால் இதற்குப் பதில் அது என்று நேருக்கு நேர் மாற்றினால் சரிவராது, வரிசையையும் மாற்ற வேண்டும். இதை யோசித்துத் தலையைப் பிய்த்துக்கொள்ளத் தேவையில்லை. லினக்ஸில் ஐகான்வ் என்று ஒரு சின்னக் கட்டளை இருக்கிறது. ஒரு குறியேற்றத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதுதான் அதன் வேலை. அதில் திஸ்கியும் இருக்கிறது! யாரோ ஒரு புண்ணியவான் வருஷக்கணக்குக்கு முன்னால் உட்கார்ந்து எழுதிவைத்தது, இன்றைக்கு எங்கள் தாத்தாவுக்கு உதவுகிறது. ஒரே வரி. 640 சொற்களும் கண் இமைக்கிற நேரத்தில் மாறிவிட்டன.

மாறியதில் எடையும் குறைந்தது. "தாத்தா" என்ற சொல் யுனிகோடில் 18 பைட். திஸ்கியில் 5. அந்தக் காலத்து ஆட்கள் சிக்கனம்தான்.

ஒரே தொல்லை சித்தி. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே ரெண்டு கும்பிடு, மூணு ரோஜாப்பூ போட்டு அனுப்பியிருந்தார். திஸ்கியில் ரோஜாப்பூவுக்கு ஏது இடம்? மாற்றுகிற கட்டளை முதல் பூவிலேயே முரண்டு பிடித்து நின்றது. தெரியாத குறிகளை விட்டுவிட்டுப் போ என்று ஒரு விருப்பம் கொடுத்தால் போய்விடும். (சித்தி, இதைப் படித்தால் கோவிச்சுக்காதீங்க. பூவெல்லாம் என்கிட்ட பத்திரமா இருக்கு.)

சின்னச் சின்ன விஷயங்கள் இன்னும் உண்டு. வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

தாத்தா எழுதுவது நோட்பேடில். விண்டோஸ் 98 நோட்பேட் 64 கே.பி.க்கு மேல் இருக்கிற ஃபைலைத் திறக்காது, வேர்ட்பேடில் திறக்கட்டுமா என்று கேட்கும். அதனால்தான் தாத்தா 'க' வரிசையை நாலு ஃபைலாகப் பிரித்து வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நானும் வரிசைக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன ஃபைல்களாகப் பிரித்தேன்.

லினக்ஸில் வரி முடிவுக்கு ஒரு குறி, விண்டோஸில் இரண்டு. மாற்றாமல் அனுப்பினால் 640 சொற்களும் ஒரே வரியில் நடுநடுவே கறுப்புக் கட்டத்தோடு நிற்கும். இதற்கும் ஒரு கட்டளை உண்டு.

ஃபைல் பெயர்கள் தமிழில் இருந்தால் உருக்குலைந்துவிடும். ஆங்கில எழுத்தில், எட்டு எழுத்துக்குள்.

போட்டோக்களை சாதாரண ஜேபெக்காக, 800-க்கு 600 அளவில் சுருக்கினேன். திரையே அவ்வளவுதான். அதற்கு மேல் அனுப்பினால் 64 எம்.பி. ராம் மூச்சு வாங்கும்.

வாட்ஸப் குரல் பதிவுகள் ஓப்பஸ் முறையில் இருக்கும். பழைய பொட்டிக்கு அது தெரியாது. எல்லாவற்றையும் வேவ் ஃபைலாக்கினேன். பேச்சுக்கு ரொம்பத் தரம் வேண்டாம் என்றால் நொடிக்கு 8,000 மாதிரி, மாதிரிக்கு ஒரு பைட், ஒற்றைத் தடம் போதும். நிமிஷத்துக்கு 4,80,000 பைட், ஒரு ஃபிளாப்பியில் மூன்று நிமிஷம் அடங்கும். பென்டிரைவ் வேலை செய்ததால் நான் அதைவிட நல்ல தரத்திலேயே போட்டேன். காது கொஞ்சம் மந்தமானவர் கேட்க வேண்டும் இல்லையா.

லேன் துளை இருக்கிற பழைய பொட்டி உங்களிடம் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. இப்போதைய லேப்டாப்புக்கும் அதற்கும் நடுவே ஒரு சாதாரண லேன் கேபிள் போதும், குறுக்கு இணைப்புக் கேபிள் தேடவேண்டாம், புதிய துளைகள் தானே சரிசெய்துகொள்ளும். இரண்டுக்கும் 192.168.0.1, 192.168.0.2 என்று கையால் எண் கொடுத்துவிடுங்கள். விண்டோஸில் ஃபோல்டரைப் பகிர்கிற பழைய முறை, எஸ்.எம்.பி. 1, 2017-இன் விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும்போது சேர்ந்து வருவதில்லை. அதே வருஷம் மே மாசம் வான்னாக்ரை உலகத்தை ஆட்டிவைத்தது அந்த ஓட்டை வழியாகத்தான். ஆகவே அதைத் திரும்ப எழுப்பாதீர்கள். புது லேப்டாப்பில் பைத்தானோடு வருகிற குட்டி வெப் சர்வரை ஓட்டிவிட்டு, பழைய பொட்டியின் பிரவுசரில் அந்த எண்ணைத் தட்டினால் ஃபைல்கள் பட்டியலாக வரும். இல்லாவிட்டால் எஃப்.டி.பி. விண்டோஸ் 98-இலேயே இருக்கிறது. போட்டோவுக்கும் ஒலிக்கும் 'பின்' என்று தட்டி பைனரிக்கு மாற்றிக்கொள்ள மறக்கவேண்டாம், இல்லாவிட்டால் போய்ச் சேர்வது உடைந்துதான் சேரும்.

இத்தனை வழிகளையும் பார்த்த பிறகு எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இரண்டு கணினிகளில் எது சக்தி வாய்ந்ததோ அது இறங்கி வர வேண்டும். பழைய பொட்டியால் ஏறி வர முடியாது. அதற்கு யுனிகோடு கற்றுக்கொடுக்க முடியாது, ஓப்பஸ் கற்றுக்கொடுக்க முடியாது. என் லேப்டாப்புக்குத்தான் திஸ்கியும் தெரியும், யுனிகோடும் தெரியும். ஃபேட்டும் தெரியும், எக்ஸ்ஃபேட்டும் தெரியும். தெரிந்தவன்தான் தெரியாதவனுக்குத் தகுந்த மாதிரி பேச வேண்டும். நாம் வழக்கமாக இதைத் தலைகீழாகச் செய்கிறோம். "இன்னும் இதையா வச்சிருக்கீங்க, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்கிறோம். பொட்டியைச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஆளையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

இத்தனை மெனக்கெட்டதற்குப் பலன் என்ன என்று கேட்டால், ஒரு உதாரணம் சொல்கிறேன்.

துபாய் மாமா ஒரு சொல் அனுப்பியிருந்தார். "பொழி: களத்தில் அடித்துக் குவித்த நெல்." படித்தவுடன் தாத்தா நிறுத்தினார். "குவிச்ச நெல்லு பொலி. பொழின்னா புஞ்சைக்குப் புஞ்சை எல்லை, வரப்பு. ரெண்டும் வேற வேற. ரெண்டும் வேணும்." பிறகு நிதானமாக மாமாவின் பதிவைத் திருத்தி, அதற்கு அடுத்த வரியில் இன்னொரு சொல்லைப் புதிதாகத் தட்டினார். ஒரே எழுத்து வித்தியாசம். தாத்தா பார்க்காவிட்டால் ஒரு சொல்லின் அர்த்தம் தப்பாகப் பதிந்திருக்கும். இன்னொரு சொல் பட்டியலிலேயே வந்திருக்காது. அதைக் கண்டுபிடிக்க எங்களில் வேறு யாரும் இல்லை.

இப்போதைய நிலவரம் இது. 640-இல் 211 பார்த்து முடித்திருக்கிறார். 31 திருத்தம். 9 சொற்களுக்கு எதிரே, "இது நம்ம ஊர்ச் சொல் இல்லை, சினிமாவில் கேட்டது" என்று எழுதியிருக்கிறார். பென்டிரைவை அத்தை பையன் மாசம் ஒரு தடவை சங்கரன்கோவிலுக்கு எடுத்துப்போய் எனக்கு அனுப்புகிறான். நான் திஸ்கியிலிருந்து திரும்ப யுனிகோடுக்கு மாற்றிக் குழுவில் போடுகிறேன். மின்னல் வேகம் இல்லை. மாசத்துக்கு அறுபது, எழுபது சொல். ஆனால் போகிறது, வருகிறது.

உங்கள் வீட்டிலும் பரணில் இப்படி ஒரு பொட்டி கிடக்கலாம். அப்பாவின் கணக்கு, அம்மாவின் கவிதை, யாரோ ஒருவருடைய பாதி எழுதின நாவல். இந்த லீவில் ஊருக்குப் போனால் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். உள்ளே எதையும் ஏற்றும் முன் இருப்பதை வெளியே எடுங்கள். எடுத்ததை மூன்று இடத்தில் வையுங்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.

பி.கு.: பென்டிரைவைப் பிடுங்கும் முன் விண்டோஸ் 98-இடம் சொல்லிவிட்டுப் பிடுங்க வேண்டும். தாத்தா ஒவ்வொரு தடவையும் மவுஸால் அந்தப் பச்சை அம்பைத் தேடிச் சொடுக்கி, திரையில் "எடுக்கலாம்" என்று செய்தி வந்த பிறகுதான் தொடுகிறார். இந்த வேலையில் நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்த புது விஷயம் இது ஒன்றே ஒன்றுதான். :-)